வேர்க்கிங் ஹொலிடேக்கு எந்த ஊர்? கிளிநொச்சி வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சியில் பின்னேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். இலக்கணம் கேட்க வருகிறவர்களைவிட விசா கேட்க வருகிறவர்கள்தான் கூட. ஆடி, ஆவணியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவுக்கு வந்திறங்கினால் அந்தக் கூட்டமும் சேரும். நான் முள்ளியவளையில் பிறந்து, ஒன்பது வயதில் கனடா போனவள். 2018 நவம்பரில் கனடாக்காரருக்கு அவுஸ்திரேலிய வேர்க்கிங் ஹொலிடே வயதெல்லையை 30இல் இருந்து 35 ஆக்கினார்கள். அப்போது எனக்கு 32. அடுத்த தை மாதம் மெல்பேணில் இறங்கினேன். பிறகு மில்டுராவில் முந்திரிகைப்பழம் (திராட்சை) வெட்டினேன், டார்வினில் கோப்பி ஊற்றினேன். இப்போது அம்மாவோடு இங்கே இருக்கிறேன். ஒரே பதிலை நூறு தரம் சொல்லித் தொண்டை காய்ந்துபோனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

1. அக்கா, வேர்க்கிங் ஹொலிடே எண்டால் வேலையோ, லீவோ?

இரண்டும்தான். இரண்டு நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து, ஒன்றின் இளம் ஆட்களை மற்றது ஒரு வருடமோ கூடவோ சுற்றிப் பார்க்க விடும். செலவுக்கு உழைக்கவும் விடும். முதலாளி கடிதம் தரத் தேவையில்லை. எந்த ஊரில் நிற்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மற்ற விசாக்களில் வேலையோ படிப்போ ஊரைத் தீர்மானிக்கும். இதில் தீர்மானிப்பது நீங்கள். அதனால்தான் இத்தனை கேள்விகள்.

அவுஸ்திரேலியாவில் இதற்கு 417, 462 என்று இரண்டு வகை விசா உண்டு. நியூசிலாந்து, கனடா, பிரித்தானியா, ஜப்பான் எல்லாம் தத்தமக்கு வேறு வேறு பெயரில் வைத்திருக்கின்றன.

2. என்னட்டை இலங்கைப் பாஸ்போர்ட். சிட்னி நல்லமோ, மெல்பேண் நல்லமோ?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கஷ்டப்படும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த விசா இல்லை. அவுஸ்திரேலியாவின் 417 பட்டியலிலும் இலங்கை இல்லை, 462 பட்டியலிலும் இல்லை. நியூசிலாந்து, கனடா, பிரித்தானியா, ஜப்பான் பட்டியல்களிலும் இல்லை. ஆங்கிலம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், வங்கியில் எவ்வளவு காசு இருந்தாலும் இதில் மாற்றம் வராது. ஆளைப் பார்த்து மறுப்பதில்லை; நாட்டோடு ஒப்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

"யூரியூப்பில தமிழிலயே சொன்னவங்கள்" என்று போனைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் பார்த்தேன். சொன்னவர் தமிழ்நாட்டுக்காரர். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2024 முதல் 462 விசா திறந்திருக்கிறது. வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறையில். அவர் பொய் சொல்லவில்லை. தன் கடவுச்சீட்டைப் பற்றிச் சொல்கிறார், நாங்கள் எங்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறோம். மொழி ஒன்று என்பதால் விசாவும் ஒன்றாகிவிடாது.

3. ஏஜென்சிக்காரர் "எங்களுக்கு மட்டும் கோட்டா வந்திருக்கு, 15 லட்சம் கட்டினால் தோட்ட வேலை" எண்டு சொல்றார். பொய்யோ?

பொய். அவுஸ்திரேலியா தோட்ட வேலைக்கென்று வெளியில் இருந்து ஆட்களை எடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. அது பசுபிக் தீவு நாடுகளுக்கும் கிழக்குத் திமோருக்கும் மட்டும். வேர்க்கிங் ஹொலிடேயில் முகவருக்கு வேலையே இல்லை: விண்ணப்பிப்பவர் தானே இணையத்தில் நிரப்பி, கட்டணத்தை அந்த நாட்டு அரசுக்கே கட்டுவார்.

4. அப்ப எங்களுக்கு வழியே இல்லையோ?

வெளிநாட்டில் உழைக்க வழி உண்டு; ஊர் தெரிவு செய்கிற சுதந்திரம்தான் குறைவு. தென்கொரியா வேலைக்கு 18 முதல் 39 வயதுவரை, கொரிய மொழிப் பரீட்சை எழுதி, அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாகத்தான் போகலாம். இடையில் முகவர் கிடையாது. பரீட்சையில் தேறினால் பெயர் ஒரு பட்டியலில் ஏறும், அங்குள்ள முதலாளி தெரிவு செய்வார். சோல் நகரம் வேண்டும் என்று நீங்கள் கேட்க முடியாது. தொழிற்சாலை எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் ஊர். ஜப்பானுக்கு மொழியோடு தொழில் தேர்ச்சியும் வேண்டும். வளைகுடா பற்றி 14ஆம் கேள்வியிலும், படிப்பு விசா பற்றி 15ஆம் கேள்வியிலும் எழுதியிருக்கிறேன்.

எந்த நாடாக இருந்தாலும் முகவருக்கு உரிமம் இருக்கிறதா, அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். காசு கட்டிய பிறகு அல்ல, முதல்.

5. மாமாவின்ர மகளுக்கு லண்டன் பாஸ்போர்ட், வயசு 33. அவவுக்கு விசா கிடைக்குமோ?

கிடைக்கும். அவுஸ்திரேலிய 417க்கு பிரித்தானியா, கனடா, பிரான்ஸ், அயர்லாந்து, இத்தாலி, டென்மார்க் கடவுச்சீட்டுகளுக்கு 35 வயதுவரை. ஜேர்மனி, நோர்வே, நெதர்லாந்து என்றால் 30 வரை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. பட்டியலும் வயதும் மாறுகிறவை. என் கதையே ஒரு மாற்றத்தில் தொடங்கியதுதான். விண்ணப்பிக்கிற கிழமையில் அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. நான் கனடா சிற்றிசன், ஆனால் ஒரு வருசமா விசுவமடுவில நிக்கிறன். இஞ்ச இருந்தே போடலாமோ?

போடலாம். முதல் 417 விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்கவேண்டும் என்பதுதான் விதி. கனடாவில் இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் இலங்கையில் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் நெஞ்சு எக்ஸ்றே கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள். நின்றதை மறைக்க வேண்டாம். கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது.

7. சரி, பாஸ்போர்ட் இருக்கு. இப்ப சொல்லுங்கோ, சிட்னியோ மெல்பேணோ?

கேட்கிற எல்லாரும் இந்த இரண்டு பெயரோடுதான் வருகிறார்கள். அழகு, கடற்கரை, படம் பிடிக்க இடம் என்று ஒப்பிட்டால் முடிவே வராது. நான் ஒரே ஒரு கணக்குத்தான் பார்ப்பேன். அதற்கு "வாடகை மணித்தியாலம்" என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு கிழமை அறை வாடகையைக் கட்ட எத்தனை மணித்தியாலம் வேலை செய்யவேண்டும்?

2025 யூலை 1 முதல் அவுஸ்திரேலியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர். வேர்க்கிங் ஹொலிடே ஆட்களுக்கு முதல் 45,000 டொலர்வரை 15 வீத வரி, முதல் டொலரில் இருந்தே. கையில் வருவது ஏறக்குறைய 21 டொலர். அறை வாடகை கிழமைக்கு 300 என்றால் 14 மணித்தியாலம் வாடகைக்கே போய்விடும். 210 என்றால் 10. நிரந்தரமில்லாத கஷுவல் வேலைக்கு 25 வீதம் கூடத் தருவார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு எல்லை 12 மணித்தியாலம்.

இனி மற்றப் பக்கம். புதிதாக வந்த ஒருவருக்குப் பெரிய நகரத்தில் முதல் மாதத்தில் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை கிடைக்கும்? எனக்கு மெல்பேணில் 15க்கு மேல் கிடைக்கவில்லை. மாணவர்கள், விடுமுறைக்காரர், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதே கோப்பிக்கடை வாசலில்தான் நிற்கிறார்கள். வாடகைக்கு 12, கையில் 15 என்றால் மிச்சம் மூன்று மணித்தியாலக் காசில் சாப்பிட்டுப் பாருங்கள். வாடகையில் சிட்னி மெல்பேணைவிட இன்னும் மோசம். இரண்டில் ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் மெல்பேண். ஆனால் இரண்டையும் தாண்டி யோசியுங்கள் என்பதுதான் என் பதில்.

8. சொந்தக்காரர் இருக்கிற ஊருக்கே போனால் வாடகை மிச்சம்தானே?

வாடகை மிச்சம்தான். நான் அப்படித்தான் போனேன். மெல்பேணின் தென்கிழக்கில், நகரத்தில் இருந்து ரெயினும் பஸ்ஸுமாக ஒன்றேகால் மணித்தியாலத் தூரத்தில் ஒரு சித்தி வீடு. தங்கமான மனிசி. இறங்கிய அன்றே எனக்குப் புட்டும் மீன்குழம்பும். அடுத்த நாளே நான் அவவின் சின்னவனைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரத் தொடங்கிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்து சாப்பிட எங்களுக்கு வருமா? பிறகு நகரத்தில் இரவு வேலை கிடைத்தது. பதினொரு மணிக்கு முடியும். கடைசி ரெயினைப் பிடித்து வந்து பார்த்தால் சித்தப்பா வரவேற்பறையில் நித்திரை கொள்ளாமல் இருப்பார். ஏசவும் இல்லை. அது ஏச்சைவிடக் கொடுமை. மூன்றாம் கிழமை அந்த வேலையை நானே விட்டுவிட்டேன்.

இதில் இருந்து நான் சொல்வது: இரண்டு கிழமை நில்லுங்கள். வங்கிக் கணக்கு, வரி இலக்கம், போன் இலக்கம் எடுக்க அது காணும். வரும்போதே "இன்ன திகதி வெளிக்கிடுறன்" என்று சொல்லிவிடுங்கள். திகதி சொல்லி வந்த விருந்தாளிக்கு வழியனுப்பு நடக்கும். சொல்லாமல் வந்தவருக்கு மனஸ்தாபம் நடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. "எங்கட ஆக்களின்ர கடைதானே" என்று கையில் காசுக்கு வேலை. எனக்கும் ஒரு கடை கிடைத்தது. மணிக்குச் சட்டப்படி தரவேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. சம்பளத் துண்டு இல்லை. பேரம் பேசினால் "பிள்ளை, ஊரில இதைக் காணுவியோ?" என்று ஒரு கேள்வி. எங்கட சோறு, எங்கட கதை, எங்கட பாட்டு, எல்லாம் வடிவு. சம்பளம் மட்டும் அந்த நாட்டுச் சட்டத்தின்படி வேண்டும். சம்பளம் குறைத்துத் தந்தால் முறையிட அரச அலுவலகம் உண்டு. ஆங்கிலம் தடக்கினால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம்.

9. எந்த மாசம் போய் இறங்கிறது நல்லம்?

ஊரைத் தெரிவு செய்துவிட்டு மாதம் கேட்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: உங்களுக்குப் போகக்கூடிய மாதம் எது என்று சொல்லுங்கள், ஊரை நான் சொல்கிறேன். காலபோகமும் சிறுபோகமும் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாசியில் அருவி வெட்டு முடிந்த பிறகு கத்தியோடு வந்து நின்றால் யார் வேலை தருவார்?

டார்வினில் மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை நிற்கும். மே முதல் ஒக்டோபர்வரை வெயில் காலம், உல்லாசப் பயணிகள் குவிவார்கள், ஹோட்டல்கள் ஆள் தேடும். மே மாதம் இரண்டாம் நாளே எனக்கு வேலை கிடைத்தது. அதே ஆள் ஜனவரியில் போயிருந்தால் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். செப்ரெம்பர் முதல் நவம்பர்வரை டார்வின், கத்தரின் பக்கம் மாம்பழம் பிடுங்குவார்கள். மில்டுராவில் முந்திரிகை பெப்ரவரி முதல் ஏப்ரல். தஸ்மேனியாவில் டிசம்பர் தொடங்கி செரிப் பழம், மார்ச் தொடங்கி அப்பிள். கெய்ர்ன்ஸில் யூன் தொடக்கம் ஒக்டோபர்வரை பயணிகள் காலம்.

நியூசிலாந்தில் தே புக்கே என்ற ஊரைச் சுற்றி மார்ச் முதல் யூன்வரை கிவிப் பழம். குயின்ஸ்ரவுனில் யூன் முதல் செப்ரெம்பர்வரை பனிச்சறுக்கு. கனடாவில் பான்ஃப், விஸ்லர் பனிச்சறுக்கு வேலைக்கு இலையுதிர் காலத்திலேயே ஆள் எடுத்துவிடுவார்கள், பனி விழுந்த பிறகு போனால் பிந்திவிட்டீர்கள். யூன் மாதம் மெல்பேணில் இறங்குவதுதான் நான் காண்கிற பொதுப் பிழை. அங்கே அது குளிர்காலம், வாசலில் மேசை போடுகிற கடைகள்கூட மேசையை உள்ளே எடுத்துவிடும்.

10. லீவில வந்து மாமாவோட கச்சான் பிடுங்கினனான். தோட்ட வேலையும் அதே மாதிரித்தானே?

குனிவது அதே மாதிரி. மாமா பின்னேரம் இளநீர் வெட்டித் தருவார். அங்கே யாரும் தரமாட்டார்கள்.

தோட்ட வேலைக்கு ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள் என்றால், 417 விசாவில் இரண்டாம் வருடம் வேண்டுமானால் குறிப்பிட்ட பிரதேசங்களில் குறிப்பிட்ட வேலை 88 நாட்கள் செய்திருக்கவேண்டும். மூன்றாம் வருடத்துக்கு ஆறு மாதம். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு 2024 யூலை 1 முதல் இந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே 5ஆம் கேள்வியில் வந்த மச்சாள் தப்பிவிட்டாள். தோட்டம்தான் என்றும் இல்லை: 2021 யூனில் இருந்து அவுஸ்திரேலியாவின் வடக்கிலும் ஒதுக்குப்புறப் பிரதேசங்களிலும் ஹோட்டல், சுற்றுலா வேலைகளும் கணக்கில் சேரும். டார்வினில் கோப்பி ஊற்றியே 88 நாட்களை முடிக்கலாம். என் காலத்தில் இது 417க்கு இருக்கவில்லை, அதனால்தான் மில்டுரா.

அங்கே சம்பளம் எங்கள் ஊர் ஒப்பந்தம் மாதிரி. நாட்கூலி அல்ல, பெட்டிக்கு இவ்வளவு. 40 பாகையைத் தாண்டும் வெயில், பழகாத கை. முதல் கிழமை ஆறு நாள் வெட்டி, கட்டில் வாடகை 180 டொலரைக் கழித்தால் கையில் மிஞ்சியது 40 டொலரும் சில்லறையும். தங்குமிடம் நடத்தியவரும் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவரும் ஒரே ஆள். மழைக்கு வேலை நின்ற நாட்களிலும் கட்டில் வாடகை நிற்கவில்லை. நான் ஒரு மாதத்துக்கு முற்பணம் கட்டியிருந்தேன், அதுதான் முட்டாள்தனம். 2022 ஏப்ரல் 28இல் இருந்து சட்டம் மாறியிருக்கிறது: பெட்டிக் கணக்கில் கொடுத்தாலும், அந்த மணித்தியாலங்களுக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. எனவே ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், முடித்த நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். தங்குமிடத்துக்கு ஒரு கிழமைக்கு மேல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

11. கையில எவ்வளவு காசு இருந்தால் துணிஞ்சு போகலாம்?

அவுஸ்திரேலியா கேட்பது 5,000 டொலரும், திரும்புவதற்கு ரிக்கெற்றோ அதற்கான காசும். இது விசாவுக்கான கணக்கு. வாழ்வதற்கு நான் ஆறு கிழமை என்று பார்ப்பேன்: ஆறு கிழமை வாடகை, பிணைப்பணமாக இன்னொரு நாலு கிழமை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து. 300 டொலர் அறை என்றால் வாடகையும் பிணையும் மட்டுமே 3,000. 7ஆம் கேள்வியின் கணக்கில் ஊரை மாற்றினால் இது எவ்வளவு குறைகிறது என்று போட்டுப் பாருங்கள். பாட்டியின் சங்கிலியை அடகு வைத்துப் போகிற பயணம் இது அல்ல.

12. சின்ன ஊரில எங்களைப் புதினமாப் பாப்பினமோ?

பார்ப்பார்கள். பிறகு கதைப்பார்கள். பெரிய நகரத்தில் பார்க்கவும் மாட்டார்கள், கதைக்கவும் மாட்டார்கள். குயின்ஸ்லாந்தில் பிலோயிலா என்ற சிறிய ஊரின் பெயரை நீங்கள் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியப்புறம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஊர்ச் சனம் நாலு வருடம் விடாமல் நின்று, 2022 யூனில் திரும்பக் கூட்டிவந்தது. அது வேறு விசா, வேறு கதை. ஆனால் "சின்ன ஊர் எங்களை ஏற்குமோ" என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பெயர்தான் வரும்.

சின்ன ஊரின் உண்மையான பிரச்சினை வீடு. குயின்ஸ்ரவுனில் வேலை கிடைக்கும், கட்டில் கிடைக்காது. பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஊர். அங்கே வேலை போன்ற காரணம் இருப்பவர்தான் குடியிருக்கலாம், அதனால் பல முதலாளிகள் தங்குமிடத்தோடு வேலை தருகிறார்கள். தங்குமிடத்தோடு வேலை தரும் ஊர் சின்னதென்றாலும் எடுங்கள். வேலை மட்டும் தரும் சின்ன ஊருக்கு வாகனம் இல்லாமல் போகாதீர்கள். ஏ9 பாதையில் பஸ்ஸை மறிப்பதுபோல் அங்கே கை காட்டி ஏற முடியாது.

13. என்ர பேத்தி பாரிசில இருந்து தனிய நியூசிலாந்துக்குப் போறாளாம். அது பாதுகாப்போ, பிள்ளை?

அம்மம்மா, பேத்தி பாரிசில் இரவு ரெயினில் தனியப் போய்ப் பழகியவள். நீங்கள் பயப்படுகிற தெருப் பயத்தைவிட நான் பயப்படுவது அவள் படுக்கப்போகிற கட்டிடத்துக்கு. குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்ற ஊரில் 2000 யூன் 23 அன்று விடுதி ஒன்று எரிந்து 15 பேர் செத்தார்கள். பழம் பிடுங்க வந்த பிள்ளைகள், பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர். எந்த ஊருக்குப் போனாலும் முதல் இரவே புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, யன்னல் திறக்கிறதா, வெளியேறும் வழி பூட்டாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் "வைத்துக்கொள்" என்று கொடுக்கக்கூடாது. அவசரத்துக்கு நியூசிலாந்தில் 111, அவுஸ்திரேலியாவில் 000.

வேலை தருபவர் நேர்முகத்துக்கு வீட்டுக்கு வரச் சொன்னால் போகவேண்டாம். இதையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். அம்மா சொன்னால் சண்டை வரும், அம்மம்மா சொன்னால் கேட்பாள்.

14. எனக்குக் கட்டார், டுபாய் இரண்டிலயும் வேலை வந்திருக்கு. எந்த ஊர்?

இது விடுமுறை அல்ல, முழு வேலை. ஆனாலும் 7ஆம் கேள்வியின் கணக்கே இங்கும் பொருந்தும். தங்குமிடம் முதலாளி தருகிறாரா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கட்டாரில் 2021 மார்ச்சில் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 றியால். தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் அதற்கு 500உம் 300உம் கூடத் தரவேண்டும். டுபாயில் உங்கள் காசில் தங்குவதானால் பெட்-ஸ்பேஸ் என்று ஒரு கட்டிலைத்தான் வாடகைக்கு எடுப்பீர்கள். சார்ஜாவில் அது மலிவு, ஆனால் காலையும் மாலையும் வாகன நெரிசலில் உங்கள் நித்திரை போகும்.

வெளி வேலை என்றால் கோடை. கட்டாரில் யூன் 1 முதல் செப்ரெம்பர் 15வரை காலை 10 முதல் பின்னேரம் 3.30வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. அமீரகத்தில் யூன் 15 முதல் செப்ரெம்பர் 15வரை, 12.30 முதல் 3வரை. கட்டிட வேலைக்குப் போகிறவர் இந்த வித்தியாசத்தை உடம்பால் உணர்வார். பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். பதியாதவருக்குப் பணியகத்தின் காப்புறுதியும் இல்லை.

15. ஸ்ருடன்ற் விசாவும் ஒரு மாதிரி வேர்க்கிங் ஹொலிடேதானே?

இல்லவே இல்லை. படிப்பு விசாவில் அவுஸ்திரேலியாவில் படிப்புக் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம், கனடாவில் கிழமைக்கு 24, பிரித்தானியாவில் பட்டப்படிப்புக்கு 20, ஜப்பானில் அனுமதி எடுத்து 28. அதற்கு மேல் உழைத்தால் விசாவுக்கே ஆபத்து. உழைத்து கல்லூரிக் கட்டணம் கட்டலாம் என்று கணக்குப் போட்டுப் போனவர்கள் எனக்குத் தெரியும். ஒருவருக்கும் அந்தக் கணக்குச் சரிவரவில்லை. அவுஸ்திரேலியா 2024 மே மாதத்தில் இருந்து ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 டொலர் காட்டச் சொல்கிறது, கட்டணம் வேறு.

படிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஊர் தெரிவில் அடிலெய்ட், பேர்த் பக்கமும் பாருங்கள். படிப்பு முடிந்தபின் தங்கும் விதிகளில் சிட்னி, மெல்பேண், பிரிஸ்பேணுக்கு இல்லாத சலுகை அந்த நகரங்களுக்கு உண்டு.

16. விசிற்றில கனடா போய், அங்க வைச்சு வேர்க் பெர்மிற் மாத்தலாமாமே?

அப்படி ஒரு தற்காலிக ஏற்பாடு இருந்தது உண்மை. 2024 ஓகஸ்ட் 28 அன்று நிறுத்திவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லிக் காசு வாங்குகிறவருக்கு 3ஆம் கேள்வியின் பதிலே பதில்.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து படகு பற்றியும் மெல்லிய குரலில் கேட்கிறார்கள். 2013இல் இருந்து அவுஸ்திரேலியா படகில் வருகிற எவரையும் குடியேற விடுவதில்லை, கடலிலேயே திருப்பி அனுப்புகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் நான் கதைக்கமாட்டேன்.

17. ஒரு வருசம் ஒரே ஊரில, ஒரே வேலையில நிக்கலாமோ?

ஊரில் நிற்கலாம். 417இல் ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல், விதிவிலக்கோ அனுமதியோ இல்லாமல், நிற்க முடியாது. ஆகவே இரண்டு ஊர் என்றே திட்டமிடுங்கள், 9ஆம் கேள்வியின் மாதங்களை வைத்து. வெளிக்கிடும்போது முதலாளி உங்கள் பெயரில் கட்டிய ஓய்வுகால நிதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் 65 வீதம் வரியாகப் போகும், மிச்சம் 35 உங்களுடையது. என்னோடு வேலை செய்த பாதிப் பேர் அதைக் கேட்காமலே விமானம் ஏறிவிட்டார்கள்.

18. எல்லாத்தையும் வாசிச்சன் அக்கா. இப்பவும் ஒரு ஊர்ப் பேர் சொல்லுங்கோ.

கடவுச்சீட்டு இருந்து, சித்திரை வைகாசியில் வெளிக்கிடக்கூடியவர் என்றால் டார்வின். மாசியில் என்றால் தே புக்கே. ஐப்பசியில் என்றால் தஸ்மேனியாவின் செரித் தோட்டங்களுக்கு முன்கூட்டியே எழுதிப்போட்டு, அதுவரை இரண்டு கிழமை சித்தி வீட்டில். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் புதன்கிழமை பின்னேரம் நாலரைக்கு வகுப்புக்கு வாருங்கள். கொரிய எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்த தம்பி ஒருவன் பின் வாங்கில் இருக்கிறான்.

டார்வினுக்குப் போகிறவருக்கு மட்டும்: கம்பளிச் சட்டை வேண்டாம், கறுப்புக் காற்சட்டை இரண்டு, கறுப்புச் சப்பாத்து ஒன்று. ஹோட்டல் வேலைக்கு முதல் நாளே கேட்பார்கள், அங்கே விலை.